தலைப்பிரட்டைக்குச் சொன்னது யார்?

சென்ற ஆண்டு இறுதித் தேர்வு முடிந்த மறுநாள், எங்கள் மதரஸாப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திற்பரப்புக்குச் சென்றிருந்தோம். பேச்சிப்பாறை மலைப்பகுதியிலிருந்து இறங்கி வரும் கோதையாறு, ஏறத்தாழ ஐம்பதடி உயரத்திலிருந்து வெண்பட்டு விரித்தாற்போல் விழும் இடம் அது. அருவியைப் பார்க்க எல்லோரும் வருகிறார்கள். அருவிக்கு மேலே, தடுப்பணை வரையில், ஆற்றின் படுகை முழுவதும் ஒரே பாறையாகப் பரந்து கிடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தப் பாறையின் ஓரங்களில் கிண்ணங்களைப்போல் சிறு சிறு குழிகள். அவற்றில் தேங்கிய நீரில் கரிய தலைப்பிரட்டைகள் கூட்டங்கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன.

லுஹர் தொழுகைக்காகப் பிள்ளைகள் உளூச் செய்துகொண்டிருந்த நேரம். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு குழியின் அருகே குந்தியிருந்து, ஒரு தலைப்பிரட்டையை விரலால் பாறையோடு வைத்து நசுக்கிவிட்டான். நான் கண்டிக்க வாயெடுத்தேன். அதற்குள் குழியில் நிகழ்ந்தது என் வாயை அடைத்துவிட்டது. நசுங்கியதன் அருகே திரிந்தவையெல்லாம் விலகி ஓடின. சற்று நேரத்தில் அக்குழியே வெறிச்சோடிவிட்டது. அடியில் கிடந்த சருகுகளுக்குள் புகுந்து, வாலைக்கூட அசைக்காமல் அவை ஒடுங்கிக் கிடந்தன.

சிறுவன் நிமிர்ந்து பார்த்தான். “உஸ்தாத், அதுகளுக்கு யார் சொன்னது?” என்று கேட்டான்.

“அல்லாஹ்தான் அந்த அறிவைக் கொடுத்தான்” என்றேன்.

“அது தெரியும் உஸ்தாத். எப்படிச் சொல்லிக் கொடுத்தான்?”

என்னிடம் விடை இல்லை. நான் வரலாறு படித்த கலைப் பட்டதாரி. உயிரியல் நூல்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. ஆயினும் ஒரு பிள்ளை கேட்ட நியாயமான கேள்விக்கு விடை தேடுவது ஆசிரியனின் கடமையல்லவா? அன்று தொடங்கித் தேடிப் படித்தவற்றில் எனக்குத் தெளிவாக விளங்கியதை மட்டும் இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். இறுதியில், என் கையால் நேர்ந்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும்.

நீர் சுமந்து வரும் செய்தி

நீருக்குள் வாழும் சிற்றுயிர்களுக்குக் கண்ணைவிட மோப்பமே பெரிய துணை. கலங்கிய நீரிலும் இரவின் இருளிலும் கண் பயன்படாது. நீரில் கரைந்துவரும் மிக நுண்ணிய பொருள்களோ எங்கும் பரவும். அவற்றை உணர்ந்து, ‘எதிரி இருக்கிறான்’ என்று அறிந்துகொள்ளும் ஆற்றலை இவ்வுயிர்கள் பெற்றிருக்கின்றன.

இதனை முதலில் தெளிவாகக் கண்டவர்களில் ஒருவர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்ற விஞ்ஞானி. தேனீக்களின் நடனமொழியை ஆராய்ந்து, 1973-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். 1938-இல் சிறு மீன்களைக் கவனித்தபோது, கூட்டத்தில் ஒரு மீனுக்குக் காயம் ஏற்பட்டால் மற்ற மீன்கள் அஞ்சி ஓடுவதைக் கண்டார். காயம்பட்ட தோலிலிருந்து கசியும் ஒரு பொருள் நீரில் கலந்து, கூட்டத்திற்கு அபாயத்தை அறிவித்துவிடுகிறது. தேரையின் தலைப்பிரட்டைகளிலும் இத்தகைய ‘அபாய அறிவிப்பு’ இருப்பதைப் பின்னர் வந்தவர்கள் கண்டறிந்தனர்.

அப்படியானால் திற்பரப்புப் பாறைக்குழியில் செய்தி சொன்னது யார்? நசுங்கிய அந்தத் தலைப்பிரட்டையேதான்! தன் உயிர் போகும் வேளையில் அதன் உடல் விடுத்த எச்சரிக்கை மற்றவற்றைக் காத்தது.

சுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்டு, தன் கூட்டத்தாரைப் புற்றுக்குள் போகச் சொன்ன எறும்பின் செய்தியை நாம் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். அந்த எறும்பின் பெயராலேயே திருமறையில் ஓர் அத்தியாயம் அமைந்திருக்கிறது. தேனீயின் பெயரால் ஒன்று, சிலந்தியின் பெயரால் ஒன்று. ஓதினோம், ஆனால் எறும்பையும் தேனீயையும் சிலந்தியையும் குனிந்து பார்த்தோமா?

தார்வாடில் நடந்த ஆய்வுகள்

இத்துறையில் நம் நாட்டிலேயே நல்ல ஆய்வுகள் நடந்துள்ளன. கர்நாடக மாநிலம் தார்வாடிலுள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் சைதாபூர், பாக்யஸ்ரீ ஷான்பாக், சந்தோஷ் மொகலி ஆகியோர் பல ஆண்டுகளாகத் தலைப்பிரட்டைகளின் நடத்தையை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் நம் வீட்டு முற்றத்தில் மழைக்காலத்தில் வந்து உட்காரும் சாதாரணத் தேரையும் ஒன்று.

தலைப்பிரட்டையின் பெரும் பகைவர்களுள் ஒன்று தட்டாம்பூச்சியின் குஞ்சு. வானில் கண்ணாடிச் சிறகுடன் பறக்கும் தட்டானைத்தான் நாம் அறிவோம். அது சிறகு முளைப்பதற்கு முன்பு நீருக்கடியில் வேட்டையாடும் புழுவாக வாழ்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதன் கீழுதடு மடித்து வைத்த கைபோன்றது. இரை அருகே வந்ததும் அதனை மின்னல் வேகத்தில் நீட்டிப் பற்றிக்கொள்ளும்.

தார்வாட் ஆய்வாளர்கள் இந்தப் புழுக்களை இருவகையாக வைத்துப் பார்த்தனர். சிலவற்றைப் பட்டினி போட்டனர். சிலவற்றுக்குத் தலைப்பிரட்டைகளையே தின்னக் கொடுத்தனர். பின்னர் அவை இருந்த நீரைத் தலைப்பிரட்டைகள் வாழும் தொட்டிகளில் சேர்த்தனர். பட்டினி கிடந்த புழுவின் நீரைவிட, தம் இனத்தைத் தின்ற புழுவின் நீர் வந்தபோதே தலைப்பிரட்டைகள் பெரிதும் அஞ்சின. நீந்துவதைக் குறைத்து அடங்கிக் கிடந்தன.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எதிரி இருக்கிறான் என்பதை மட்டும் அவை அறியவில்லை. அவன் என்ன தின்றுவந்திருக்கிறான் என்பதையும் அறிந்து, அபாயத்தின் அளவுக்கு ஏற்ப எச்சரிக்கையின் அளவையும் வகுத்துக்கொள்கின்றன. அசையாமல் கிடப்பது எளிய காரியமன்று. அசையாத தலைப்பிரட்டை மேய முடியாது, மேயாவிட்டால் வளராது. குழி வற்றுவதற்குள் வால் சுருங்கிக் கால் முளைத்துக் கரையேற வேண்டுமே! ஆகவே வீணாக அஞ்சுவதும் அதற்கு நஷ்டம். அஞ்ச வேண்டிய நேரத்தில் அஞ்சாதிருப்பதும் நஷ்டம்.

நீர்த்தெள்ளின் தலைக்கவசம்

ஒளிந்துகொள்வது ஒருவகைத் தற்காப்பு. உடலின் வடிவத்தையே மாற்றிக்கொள்வது இன்னொரு வகை. இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் நீர்த்தெள்ளு. குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், எள்ளளவே உள்ள சில உயிர்கள் துள்ளித் துள்ளி நீந்துவதைக் காணலாம். அவற்றில் பல இந்த இனத்தைச் சேர்ந்தவை. மீன்குஞ்சுகளின் உணவுகளுள் இதுவும் ஒன்று.

ஜெர்மானிய விஞ்ஞானி ரிச்சர்ட் வோல்டெரெக் 1909-இல் நீர்த்தெள்ளின் தலை சில சூழல்களில் தொப்பிபோல் நீண்டு வளர்வதை ஆராய்ந்து எழுதினார். ஒரே பரம்பரைச் செய்தியைக் கொண்ட உயிர், சூழலுக்கு ஏற்ப வெவ்வேறு வடிவம் கொள்ளும் என்ற கருத்தை வலுவாக எடுத்துவைத்தவர் அவர். பகைவர்களின் வாடையே இத்தகைய வடிவ மாற்றங்களைத் தூண்டக்கூடும் என்பது பிற்கால ஆய்வுகளில் புலப்பட்டது.

நீர்த்தெள்ளின் ஓர் இனத்தைப் பார்ப்போம். கண்ணாடிபோல் உடல் தெரியும் ஒருவகைக் கொசு போன்ற பூச்சியின் புழு, இளம் நீர்த்தெள்ளுகளைப் பிடித்துத் தின்னும். அப்புழுவின் வாடை நீரில் கலந்தால், இளம் நீர்த்தெள்ளின் பிடரியில் சிறு முட்கள் முளைக்கின்றன. பிடித்த புழுவுக்கு அதனை விழுங்குவது கடினமாகிறது. அது வளர்ந்து பெரிதானபின், புழுவின் வாய்க்குள் அடங்காத அளவை அடைந்துவிடுகிறது. அப்போது முட்களும் மறைந்துவிடுகின்றன. ஆபத்துள்ள பருவத்திற்கு மட்டுமே ஆயுதம்!

மீன் வந்தால் கதை வேறு. மீன் கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. பெரிதாகத் தெரிவதையே முதலில் பிடிக்கும். ஆகவே மீனின் வாடையை உணர்ந்த நீர்த்தெள்ளு, உடல் சிறியதாக இருக்கும்போதே முட்டையிடத் தொடங்குகிறது. பகலில் ஆழத்தின் இருளுக்குள் இறங்கிவிடுகிறது. இரவில் மேலே வந்து மேய்கிறது. புழுவுக்கு எதிராகப் பெரிதாக வளர வேண்டும். மீனுக்கு எதிராகச் சிறிதாக இருக்க வேண்டும். நேர்மாறான இரண்டு பகைவர்களுக்கு நேர்மாறான இரண்டு விடைகள். எந்த விடை எப்போது என்பதை அந்த எள்ளளவு உயிர் நீரின் வாடையைக்கொண்டு தேர்கிறது.

எதிரியைக் காட்டிக்கொடுக்கும் வயிறு

‘அந்த வாடையை விடாமலேயே பகைவன் வரக்கூடாதா?’ என்று கேட்கத் தோன்றும். விஞ்ஞானிகள் இக்கேள்விக்கு அண்மையில்தான் விடை கண்டனர்.

2018-இல், மேலே சொன்ன கண்ணாடிப் புழு வெளியிடும் பொருள் இன்னதென்று கண்டறியப்பட்டது. அது, அப்புழு தின்றதைச் செரிக்கும்போது உண்டாகும் கொழுப்பமிலம் சார்ந்த கூட்டுப்பொருள். மறு ஆண்டு, 2019-இல், மீனின் வாடைக்கும் விடை கிடைத்தது. நீர்த்தெள்ளை ஆழத்துக்கு விரட்டும் அப்பொருள் கெண்டைக் குடும்பத்து மீன்களின் பித்தநீரில் உள்ள ஓர் உப்பு. நம் குளங்களில் வளரும் கட்லா, ரோகு போன்றவையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவ்வுப்பு நீரில் கற்பனைக்கெட்டாத சிறிய அளவில் இருந்தாலும் நீர்த்தெள்ளு உணர்ந்துகொள்கிறது.

உண்டதைச் செரிக்காமல் எந்த வேட்டை உயிரும் வாழ முடியாது. பித்தநீர் இல்லாமல் கொழுப்பு செரிக்காது. பகைவனால் எந்நாளும் கைவிட முடியாத ஒன்றே பகைவனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக அமைந்திருக்கிறது. எவ்வளவு நீதியான ஏற்பாடு! பலவானுக்குப் பல்லும் தாடையும் கொடுத்தவன், பலவீனனுக்கு அந்தப் பலவானின் வயிற்றிலிருந்தே செய்தி வரச் செய்திருக்கிறான்.

தாய் தரும் சீதனம்

நீர்த்தெள்ளைவிடவும் சிறியவை ரோட்டிஃபர் என்னும் சுழல் உயிரிகள். கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரிவது அரிது. நம் நாட்டுக் குளங்களில் பரவலாகக் காணப்படும் ஒருவகைச் சுழல் உயிரியைத் தின்பது இன்னொரு பெரிய சுழல் உயிரி. இந்தப் பகைமையை பிரெஞ்சு விஞ்ஞானி தெ போஷாம் 1952-இல் ஆராய்ந்தார். அமெரிக்க விஞ்ஞானி ஜான் கில்பர்ட் 1960-களில் அதனை விரிவாக விளக்கினார்.

முட்டையிலிருந்து வெளிவந்த சுழல் உயிரியின் உடலில் புதிய உயிரணுக்கள் உண்டாவதில்லை. ஆகவே பகைவனின் வாடை வந்தபிறகு, தனக்கென்று முள் முளைக்கச் செய்துகொள்ள அதனால் முடியாது. ஆனால் அதன் வயிற்றில் உருவாகும் முட்டைகளுக்கு அச்செய்தி எட்டிவிடுகிறது. அம்முட்டைகளிலிருந்து வரும் பிள்ளைகள் நீண்ட முட்களோடு பிறக்கின்றன. பகைவன் அவற்றை விழுங்க முடியாமல் திணறுகிறான். தாய்க்குக் கவசம் இல்லை. தாய் உணர்ந்த அச்சமே பிள்ளைக்குக் கவசமாகிறது.

அனுராக் அகர்வால், லாஃபோர்ஷ், டோல்ரியன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட கட்டுரை நீர்த்தெள்ளிலும் இதனைக் காட்டியது. பகைவரின் வாடையை உணர்ந்த தாய்க்குப் பிறந்தவை, அந்த வாடையே இல்லாத நீரில் வளர்ந்தாலும், மற்றவற்றைவிடப் பெரிய தலைக்கவசத்தைப் பெற்றிருந்தன.

நம் வீடுகளை எண்ணிப் பார்க்கிறேன். தாய் அடைந்த துன்பம், தாய் கற்ற எச்சரிக்கை, பிள்ளையிடம் ஏதோ ஒரு வகையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சீதனப் பட்டியலில் யாரும் எழுதாத சீதனம் அது.

கவசத்தை எப்போதும் அணியாதது ஏன்?

அப்படியானால் எல்லா நீர்த்தெள்ளும் எப்போதும் முள்ளோடும் கவசத்தோடும் பிறந்துவிடலாமே? பகைவன் வந்தபிறகு தேடுவானேன்?

காரணம், தற்காப்புக்கு விலை உண்டு. முள் வளர்க்கச் செலவிடும் சத்து, வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் செல்ல வேண்டிய சத்து. அமெரிக்காவின் சாம்பல்நிற மரத்தவளைகளைப் பாருங்கள். தட்டான் புழு இருக்கும் குளத்தில் அதன் தலைப்பிரட்டைக்குப் பெரிய, செந்நிறம் கொண்ட வால் வளர்கிறது. புழு தலையைப் பிடிப்பதற்குப் பதிலாக அந்த வாலைப் பிடிக்கிறது. வாலின் ஒரு துண்டு போகும், உயிர் தப்பும். புழு இல்லாத குளத்திலோ, அத்தகைய வால் சுமையே. வாலில்லாச் செல்வத்தோடு வளர்ந்தவை அங்கே முந்திக்கொள்கின்றன.

ஓடும் ஆற்றில் உளூச் செய்யும்போதும் நீரை வீணாக்காதே என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். பிள்ளைகளுக்கு இதனை நான் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். வீண்விரயம் செய்யாமல், தேவையான போது தேவையான அளவு மட்டும் எடுத்துக்கொள்ளும் அப்பாடத்தை ஒரு நீர்த்தெள்ளு தன் உடலாலேயே எழுதிக் காட்டுகிறது. ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டவேண்டும் என்ற நபிமொழியையும் நாம் அறிவோம். அச்சமற்றுத் திரிவது தவக்குல் ஆகாது. அஞ்சியே கிடப்பதும் வாழ்வாகாது.

இந்தச் செய்திகளையெல்லாம் திருமறை முன்னமே சொல்லிவிட்டது என்று மார்தட்ட நான் வரவில்லை. படைப்புகளைப் பார்த்துச் சிந்திக்கும்படி திருமறை நம்மை மீண்டும் மீண்டும் அழைக்கிறது. கொசுவைக்கூட அது உவமையாக எடுத்துப் பேசுகிறது. அந்த அழைப்பை ஏற்றவர்கள் நம் முன்னோரில் இருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவைச் சேர்ந்த அல்-ஜாஹிழ், விலங்குகளைப் பற்றிப் பல பாகங்கள் கொண்ட பெருநூல் எழுதினார். பதினான்காம் நூற்றாண்டில் கெய்ரோவின் அத்-தமீரி, விலங்குகளை அகரவரிசைப்படுத்தி, அவற்றின் இயல்புகளோடு மார்க்கச் சட்டங்களையும் சேர்த்து எழுதிவைத்தார். அவர்களுக்கு எட்டாத பூதக்கண்ணாடி இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் எட்டுகிறது. குறைந்துபோனது நம் ஆர்வம்தான்.

என் கையால் நேர்ந்த தவறு

இனி அந்தத் தவற்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் மஹல்லாக் குளத்தில் கொசு பெருகிவிட்டது என்று பேச்சு எழுந்தது. மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகள் ஓத உட்கார முடியவில்லை. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வாங்கிக் குளத்தில் ஊற்றிவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். ஜமாஅத்தார் என் பேச்சைக் கேட்டார்கள். நானும் நின்று ஊற்றினேன்.

மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் சென்று பார்த்தபோது தலைப்பிரட்டைகளும் சிறு மீன்களும் தட்டான் புழுக்களும் வெளுத்த வயிற்றோடு மிதந்தன. கொசு ஒழிந்தது என்றுதான் மகிழ்ந்தோம். மூன்று வாரங்களில் கொசு திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக. ‘மருந்து போதவில்லை’ என்றார் ஒருவர். உண்மைக் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

நம் ஊர் வெப்பத்தில் கொசு முட்டையிட்டு, புழுவாகிப் பறப்பதற்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். அதனைத் தின்னும் தட்டான் புழு வளர்வதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். தவளையோ மழையை எதிர்பார்த்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொன்றால், முதலில் திரும்பி வருவது கொசுவே. அப்போது அதற்குப் பகைவரும் இருக்கமாட்டார்கள். அதுமட்டுமன்று. கொசுவைத் தின்னும் ஒருவகை நீர்ப்பூச்சி விடும் வாடையை உணர்ந்து, ஓரினத் தாய்க்கொசு அந்த நீரில் முட்டையிடாமலேயே விலகிப் போகிறது என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பகைவரைக் கொன்ற நாங்கள், கொசுவுக்கு வாசலில் நின்ற காவலையும் நீக்கி வைத்தோம் என்றே நினைக்கிறேன்.

சாகாமல் தப்பும் உயிர்களுக்கும் மருந்து தீங்கு செய்கிறது. 2001-இல் ரிக் ரெலியாவும் நேத்தன் மில்ஸும் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது மனம் கனத்துப்போயிற்று. கார்பரில் என்ற பூச்சிமருந்தைச் சிறிதளவு கலந்த நீரில் சாம்பல்நிற மரத்தவளையின் தலைப்பிரட்டைகளை வளர்த்தார்கள். பகைவரின் வாடையும் சேர்ந்திருந்த நீரில் அதே மருந்து 2 முதல் 4 மடங்கு வரை அதிகமாகக் கொன்றது. அச்சத்தோடு வாழும் உயிருக்கு நஞ்சைத் தாங்கும் வலிமை குறைகிறது. கார்பரிலை நம் நாடு 2018-இல் தடை செய்துவிட்டது. ஆனால் பூச்சிமருந்து என்பது அது ஒன்றுமட்டும் அல்லவே.

களைக்கொல்லியின் கதை இன்னும் விந்தையானது. ரவுண்டப் என்ற களைக்கொல்லி கலந்த நீரில் வளர்ந்த தலைப்பிரட்டைகளுக்கு, பகைவனே இல்லாதபோதும் பகைவன் இருப்பதுபோல் வால் பெரிதாக வளர்ந்ததை அதே ரெலியா 2012-இல் எடுத்துரைத்தார். பொய்ச் செய்தியை நம்பி அவை கவசம் அணிகின்றன.

துரிசின் வேலை இதற்கு நேர்மாறானது. ரப்பர்த் தோட்டங்களில் இலையுதிர்வு நோய்க்கு எதிராகத் துரிசையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. துரிசின் உயிர்நாடி செம்பு. நீரில் செம்பு சிறிதளவு கலந்தாலும் நீர்த்தெள்ளின் பிடரியில் முட்கள் சரிவர முளைப்பதில்லை என்று கனடாவில் செய்த ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. நீர்த்தெள்ளு சாகவில்லை, பார்வைக்கு நலமாகவே இருக்கிறது. பகைவன் வரும் செய்திதான் அதற்குக் கேட்பதில்லை. செவிடாக்கப்பட்ட காவற்காரனைப்போல் அது நிற்கிறது.

மலையில் பெய்யும் மழை தோட்டங்களைக் கழுவிக்கொண்டு ஓடைக்கு வருகிறது. ஓடை ஆற்றுக்கு வருகிறது. திற்பரப்பில் விழுந்த நீர் குழித்துறை வழியே ஓடித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர்கிறது. மலையில் ஒருவர் செய்வது கடற்கரையில் இருப்பவருக்கும் போய்ச் சேரும்.

நாம் செய்யக்கூடியவை

கொசுவைச் சகித்துக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்லவில்லை. டெங்குக் காய்ச்சலில் பிள்ளையை இழந்த தாயிடம் தலைப்பிரட்டையின் பெருமையைப் பேச முடியாது. ஆனால் டெங்கு பரப்பும் கொசு பெரும்பாலும் குளத்தில் வளர்வதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் சிறு நீரில்தான் வளர்கிறது. மூடாத தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ரப்பர்ப் பால் வடிக்கும் கிண்ணம் ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஜும்ஆ நாளை அதற்கென்று வைத்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ள பெண்மக்கள் இதனைப் பிள்ளைகளைக்கொண்டே செய்விக்கலாம்.

பள்ளிவாசல் ஹவுளை வாரந்தோறும் தேய்த்துக் கழுவ வேண்டும். குளத்தில் மருந்து ஊற்றுவதை விட்டுவிட வேண்டும். கொசு தின்னும் மீன் வேண்டுமென்றால், தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன மேல்நீரில் திரியும் நம் வாய்க்கால் சிறுமீன் இருக்கிறது. கம்பூசியா என்ற அயல்நாட்டு மீன் கொசு ஒழிப்புக்காக 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது கொசுப்புழுவோடு தவளையின் முட்டையையும் தலைப்பிரட்டையையும் சேர்த்தே தின்கிறது. அதனை ஆறு குளங்களில் விடுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தேங்கிய நீரின் தூய்மைக்கு மார்க்கம் தந்த மதிப்பு அது. அந்நீரில் மருந்துக் குப்பியையும் தோட்டத்து நஞ்சையும் கழுவி ஊற்றுகிறவர்கள் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

தவளையைப் பற்றியும் தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. மருந்தில் சேர்ப்பதற்காகத் தவளையைப் பயன்படுத்தலாமா என்று ஒரு மருத்துவர் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதனைக் கொல்வதைத் தடுத்தார்கள் என்ற செய்தி அபூதாவூதில் இடம்பெற்றிருக்கிறது. நம் நாடோ ஒரு காலத்தில் தவளைக் கால்களை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. 1987-இல்தான் அரசு அதனைத் தடை செய்தது. சட்டம் வருவதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்குச் சொல்லப்பட்டிருந்தது. கேட்டவர்கள் எத்தனை பேர்?

சிறுவனுக்குச் சொன்ன விடை

இதையெல்லாம் படித்து முடித்தபின், அந்தச் சிறுவனை அழைத்து உட்கார வைத்தேன். “தம்பி, நீ நசுக்கினாயே, அதுதான் மற்றவைகளுக்குச் சொன்னது. தோல் கிழிந்ததும் ஒரு வாடை நீரில் கலந்தது. அதை அறியும் மூக்கை அல்லாஹ் அவைகளுக்குக் கொடுத்திருக்கிறான்” என்றேன். தட்டான் புழுவின் கதையையும் நீர்த்தெள்ளின் முள்ளையும் சொன்னேன்.

அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “நான் கொன்றது மற்றதைக் காப்பாற்றியதா உஸ்தாத்?” என்று கேட்டான்.

“ஆம். ஆனால் நீ கொல்லாமல் இருந்திருந்தால் எதுவும் சாக வேண்டியதே இல்லை” என்றேன்.

அவன் தலைகுனிந்தான். நானும் தலைகுனிந்தேன். அவன் கொன்றது ஒன்று; நான் கொன்றவற்றுக்குக் கணக்கில்லை.

எங்கள் குளத்தில் இப்போது மருந்து ஊற்றுவதில்லை. முதல் இரண்டு மழைக்காலம் தவளைச் சத்தமே கேட்கவில்லை. மூன்றாவது ஆண்டு, ஒரு மழை இரவில், இஷாத் தொழுகை முடிந்து படியிறங்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. தொழுகையாளிகள் சிலர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு அங்கேயே சிறிது நேரம் நின்றேன்.

வாசகப் பெருமக்களே! அடுத்த முறை பிள்ளைகளோடு திற்பரப்புக்கோ வேறு எந்த நீர்நிலைக்கோ செல்லும்போது, அருவியைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். பாறைக்குழியொன்றின் ஓரத்தில் ஐந்து நிமிடம் குந்தியிருந்து பாருங்கள். பிள்ளை ‘எப்படி?’ என்று கேட்டால், அதட்டி அடக்காதீர்கள். விடை தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். படைத்தவனை அறியும் பாதையில் அந்தக் கேள்வியும் ஒரு படிதான். நாம் அவனுடைய படைப்புகளுக்குத் தீங்கிழைக்காதவர்களாகவும், அவற்றைக் கண்டு படிப்பினை பெறுபவர்களாகவும் வாழ வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.